ஓரளவு ஏரி

உதய்ப்பூரில்
சாதா அறை ஆயிரத்து எண்ணூறு.
ஏரி தெரிந்தால் மேலே நானூறு.
ரசீதில் பேருலால் கமேதி
குண்டு எழுத்தில் எழுதித் தந்தார்:
ஏரி, ஓரளவு.

ஓரளவு என்பதை
மூன்றாம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிய பிறகு கண்டுபிடித்தேன்.
குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்து
அதன் மேல் ஏறி
வென்டிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டால்
பக்கத்துக் கட்டிடத்தின் சின்டெக்ஸ் தொட்டிக்கும்
யாரோ காயப்போட்ட மஞ்சள் ஓட்னிக்கும் நடுவே
ஒரு சாண் தண்ணீர்.
நீலம் என்று சொல்லக் கூச்சமாயிருக்கும் பச்சை.
படகொன்று மூக்கை நீட்டியது,
பல்விளக்கிய நுரையை நான் துப்பி நிமிர்வதற்குள்
வாலும் போய்விட்டது.

நான் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இயந்திரத்தைப் பழுதுபார்க்க
இந்தூரிலிருந்து அனுப்பினார்கள்.
அதற்கான உதிரிப்பாகம்
அகமதாபாத் குடோனில் தூங்குகிறது.
ஆக, நான்கு நாள்.
பிளாஸ்டிக் உறை கழற்றாத ரிமோட்,
தந்தம் உடைந்த பித்தளை யானை,
யாருடைய கல்யாணத்திலோ
மஞ்சள் ஏறிய தலையணை,
எதிர் அறையில் மெஹ்சானாக் குடும்பம்
அதிகாலை ஐந்துக்கே காக்ரா நொறுக்கும் சத்தம்.

துடைக்க வந்த ஜம்னிபாய்
குளியலறைக்குள் போனதும் சிரித்தாள்.
"எல்லாரும் கவிழ்த்துப் போட்டுவிட்டே போகிறீர்கள்.
இந்த மாடியில் மட்டும் தினம்
ஏழு பக்கெட் நிமிர்த்துகிறேன்."
நீ ஏறிப் பார்த்ததுண்டா?
"துணி துவைக்க அங்கேதானே போகிறேன்,
இங்கிருந்து வேறு பார்க்கணுமா?"

மூன்றாம் இரவு மின்சாரம் போனது.
வரவேற்பறையில் விருந்தாளிகள் விசிறிக்கொண்டிருந்தோம்.
ஜெனரேட்டர் இருமி இருமி உயிர்பிடிக்க,
மேலே மின்விசிறி ஒரு சுற்று வேகமாய்ச் சுழன்றதில்
விதைக் கம்பெனிக் காலண்டர் எகிறியது.
பின்னால் ஒரு போட்டோ.

வெடித்த தரை. மூன்று செங்கல் ஸ்டம்ப்.
மட்டையோடு ஒரு ஒல்லிப் பையன்.
அவனுக்குப் பின்னால்
தீவு மாளிகையின் படிகள்
இறங்கி இறங்கி
எதையும் தொடாமல் நின்றுவிட்டிருந்தன.
ஓரத்தில் ஒரு ஒட்டகம், அதுபாட்டுக்கு.

"நான்தான்," என்றார் பேருலால்
காலண்டரைச் சரிசெய்தபடியே.
"மழை ஏமாற்றிய வருஷம்.
அப்போது இங்கே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன்.
நான் ரன் அவுட்டான இடத்தில்
இப்போது படகுக்காரன்
தலைக்கு ஐந்நூறு வாங்குகிறான்."

அந்த வருஷம்
ஏரிக்கான நானூறைக் குறைத்தீர்களா?

"முதலாளியிடம் கேட்டேன்.
ஏரி என்றால் என்னடா, பள்ளம்தானே?
பள்ளம் தெரிகிறதா இல்லையா என்றார்.
ஒரு சூரத்துக்காரர் மட்டும் சண்டை போட்டார்.
அவருக்கு பராட்டா இலவசம்."

பிறகேன் மறைத்து வைத்திருக்கிறீர்கள்?

லெட்ஜரை மூடினார்.
திறந்தார். பேனா மூடியைத் தேடினார்.
"பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்,
மறுபடி அப்படி ஆகுமா என்று.
சாவி கொடுக்கிறவனிடம்
கேட்கிற கேள்வியா, சார்?"

உதிரிப்பாகம் வந்தது. இயந்திரம் ஓடியது.
கடைசி விடியலில் மறுபடி ஏறி நின்றேன்.
ஓட்னியை எடுத்துவிட்டிருந்தார்கள்,
அரை சாண் கூடுதல் ஏரி.
படகு இன்னும் கிளம்பவில்லை.
எந்த இடத்தில் அவுட்டாகியிருப்பார் என்று
தண்ணீரில் தேடினேன்,
தேடுவது அபத்தம் என்று தெரிந்தும்.

இறங்கி
பக்கெட்டை நிமிர்த்தி வைத்தேன்.
ஆறுதான் இன்றைக்கு, ஜம்னிபாய்.

பில்லில் நானூறு அப்படியே இருந்தது, நாலு தடவை.
கேட்கத் தோன்றவில்லை.
ஏரிக்கரை வழியாகப் போகலாமா என்றேன்
ஆட்டோக்காரரிடம்.
பத்து மணி வரை அது
ஒருவழிப் பாதையாம்.
வருகிறவர்களுக்கு மட்டும்.