தேர்க்காய்

பள்ளத்தூரில் வீடு இடிக்கிற இடத்தில்
அலமாரியைச் சாய்த்தபோது உருண்டு விழுந்தது,
பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய மரவட்டு.
சாயம் போன ஒற்றை எழுத்து அதில்:
நடுவில் கட்டம் போட்ட பெட்டி,
அதைத் துளைத்து இறங்கும் அச்சு,
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.
மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
என் லோடு ஆட்டோவும் ஏறக்குறைய அப்படித்தான்.

காரைக்குடியில் அடைக்கப்பன் கடையில்
பீங்கானைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்
ஈப்போவிலிருந்து வந்த சியூ யென்.
வட்டை வாங்கியதும் "தேர்" என்றாள், மலேசியத் தமிழில்.
"எங்க சதுரங்கக் காய். நேராத்தான் ஓடும்.
குறுக்க யாரும் நிக்காத வரைக்கும்."

நான்கு குதிரை, மூன்று ஆள்.
இடப்பக்கம் வில்.
வலப்பக்கம் கொக்கி வைத்த நீளக் கம்பு,
எதிர்த்தேர் உரசிப் போகும் நொடியில்
கழுத்தை இழுக்க.
நடுவில் ஓட்டுகிறவன்.
அவன் கையில் என்ன என்று கேட்டேன்.
கடிவாளம். வேறொன்றுமில்லை.

நாட்டையே தேரால் அளப்பார்களாம்,
ஆயிரம் தேர் நாடு, பத்தாயிரம் தேர் நாடு,
இங்கே வீட்டுக்கு எத்தனை பர்மாத் தேக்குத் தூண்
என்று கேட்கிற மாதிரி.
பின்னால் புழுதி தின்று ஓடிவந்த கால்களை
அந்தக் கணக்கில் யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை மலையிடுக்கில் போர்.
எதிரி நடந்து வந்தான்.
தேர் திரும்ப இடமில்லை.
"எல்லாரும் இறங்குங்க,
காலாட்களோடு வரிசையில் நில்லுங்க."
பெரிய இடத்துப் பிள்ளை ஒருவன் மாட்டேன் என்றான்.
தலை மட்டும் இறங்கியது.
மற்றவர்கள் இறங்கி நின்றதைப் பார்த்து
எதிரி சிரித்தானாம்.
சிரித்து முடிக்குமுன் தோற்றான்.

அடைக்கப்பன் எண்ணூறு சொன்னார்.
மீதி முப்பத்தோரு காய் எங்கே என்றாள் அவள்.
இல்லை.
அப்படியானால் வைத்துக்கொள் என்று என்னிடமே தந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு ஊரில் தேர்.
ஊர்ப் பெயர் வேண்டாம்.
வடம் தரையில் கிடக்கிறது,
யார் தொடுவது என்று
தாசில்தார் மூன்றாம் வருடமாகப் பேசுகிறார்.
இரும்புத் தடுப்பு. போலீஸ் வேன்.
தடுப்புக்கு இந்தப் பக்கம்
என் சித்தப்பா மகன் செங்கோடன்,
வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு,
வடத்திலிருந்து பத்தடி தூரத்தில்.

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.
நேராகப் போக வழியில்லை.

எஞ்சினை அணைத்தேன்.
வட்டைச் சட்டைப்பையில் போட்டேன்.
செருப்பு வண்டியிலேயே கிடந்தது;
இறங்கியதும் தார் சுட்டது.