எந்தக் கில்மின்?

ஹெக்டர் மக்ஃபெயிலின் முதல் கடிதம்
ஏலூருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது,
வேலூரின் முதலெழுத்தை யாரோ விழுங்கிவிட்டதால்.
இரண்டாவது, சென்னை சைதாப்பேட்டையில்
பதினொரு நாள் கிடந்துவிட்டு
எங்கள் சைதாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை
பக்கத்துக்கு மூன்று ரூபாய்க்குப்
படமெடுக்கிற வேலை எனக்கு.
பெயர் பெர்சிஸ்.
கடிதம் என் மேசைக்கு வந்ததற்கு
அந்த அறையில் வேறு யாருமில்லை என்பதே காரணம்.

அவருக்கு வேண்டியது ஓர் ஊர்.
ஐந்து தலைமுறைக்கு முந்திய இசபெல்லா,
சார்ஜென்ட் டங்கன் மக்ஃபெயிலின் மனைவி,
பிறந்தது கில்மின் என்று
குடும்ப பைபிளின் உள்ளட்டையில் இருக்கிறதாம்.
ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருஷமும் தேடியிருக்கிறார்.
கில்மன் போனார், மழை.
கில்மெனி போனார், தீவு, இரண்டு நாள் படகு ஓடவில்லை.
கில்மூர் என்று ஒன்றுக்கு மேல் இருக்கின்றன,
ஒவ்வொன்றிலும் பாசியைச் சுரண்டிக் கல்லறை படித்தார்.
'கில்' என்றால் எங்கள் பக்கம் தேவாலயம்,
ஆதியில் ஒரு துறவியின் குடில்
என்று விளக்கியிருந்தார்,
எனக்குத் தெரியாது என்பதுபோல.
எனக்குத் தெரியாதுதான்.

1839, மே மாதப் பக்கம்.
பூச்சி ஓரத்தை மட்டும் தின்றிருந்தது.
இசபெல்லா, வயது சுமார் பதினெட்டு,
அன்றைக்கே ஞானஸ்நானம், அன்றைக்கே கல்யாணம்.
தகப்பன் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு.
பிறந்த ஊர்: கில்மின்,
அப்புறம் ஒரு புள்ளி.

புள்ளியைப் பார்த்தபின்தான்
பக்கம் முழுக்கப் பார்த்தேன்.
பாதிரியார் எல்லா ஊரையும் வெட்டியிருந்தார்.
ஆற்காடு 'ஆற்.', விரிஞ்சிபுரம் 'விரி.'
கட்டம் சிறியது,
மை பேனாவிலேயே காயும் மே மாதம்.

கே, ஐ, எல்.
நான் பத்தாவது வரை படித்தது கே.வி.குப்பத்தில்.
அந்தக் 'கே', கீழ் என்பதன் மிச்சம்.
ழ-வுக்கு எழுத்தில்லாத கை
கீழை வேறெப்படி எழுதும்?

ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரி பக்கம் பஸ் ஏறினேன்.
கீழ்மின்னல்.
லாரிச் சத்தம், பாறைக்குன்று, ஒரு பஞ்சர் கடை.
பலகையில் 'கீழ்' மீது
யாரோ பெண்ணின் மஞ்சள் நீராட்டு போஸ்டர்,
'மின்னல்' மட்டும் வெளியே தெரிந்தது.
மேல்மின்னல் எங்கே என்று கேட்டேன்.
பஞ்சர் கடைக்காரர்
டியூபிலிருந்து கையெடுக்காமல்
தாடையால் வானத்தைக் காட்டினார்.

இதேதான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
அரக்கோணம் பக்கம் வெறும் மின்னல் ஒன்று உண்டு.
என் அப்பாவின் வாரிசுச் சான்றிதழ்
மூன்று முறை திரும்பி வந்தது,
பிறந்த ஊர் புதூர் என்று எழுதியதால்.
எந்தப் புதூர்? என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள்.
அப்பா 'நம்ம புதூர்' என்பார்.
அதற்குமேல் கேட்கவேண்டுமென்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

எழுதினேன். பலகைப் படத்தையும் வைத்தேன்.
ஒரு மாதம் சத்தமில்லை.

பிறகு எழுதினார்:
எங்கள் வீட்டில் சிலருக்குக் கண் நல்ல கறுப்பு.
கரையில் உடைந்த ஸ்பானியக் கப்பல் ஒன்றைக்
காரணம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம்.
என் அம்மா அந்தக் கப்பலுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்.
இசபெல்லா ஆவதற்கு முன்
அவள் பெயர் என்ன?

கட்டத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினேன்.
புள்ளிக்கு ஒரு சின்ன வால் இருந்தது,
எழுதியவர் தயங்கியதோ,
மை கூடுதலாக இறங்கியதோ.
பெயர் இல்லை.
இல்லை என்றே எழுதினேன்.

மறுநாளே பதில், ஒரே வரி:
அந்த ஊரை எப்படி உச்சரிக்கவேண்டும்?

ஃபேனை நிறுத்திவிட்டு
போனில் பதிவு செய்தேன்.
மின்னல் அவருக்கு வந்துவிடும்.
கீழ் வராது என்று தெரிந்தும்
அதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.