கதவுக்கு முட்டு

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
'பிரதான வீடு' என்கிறது அரசாங்கம்.
'பெரிய வீடு' என்கிறார் லாக்லன் பெதிக்.
அவருடைய நாய்களுக்கு அது நிழல்.

டார்லிங் ஆற்றுக்கு மேற்கே
மேய்ச்சல் நிலமா பாலையா என்பதை
மழைதான் முடிவு செய்ய வேண்டும்.
ஏழு வருடமாக அது வாய் திறக்கவில்லை.

நாடாவை இழுத்து அளக்கிறேன்.
கல் சுவர், பதினெட்டு அங்குலம்.
நாலாபுறமும் வராந்தா.
கறையான் தொடாத பைன் பலகைத் தரை.
முக்கியத்துவம்: உயர்வு.

கம்பளிக் கொட்டகையின் தூண்களில்
முழங்காலிலிருந்து இடுப்புவரை ஒரு மெருகு.
நூறு வருடம் ஆடுகள் உரசி உரசி
மரத்துக்குள் ஏற்றிய கொழுப்பு.
சுவரில் கரியால் ஒருவன் எழுதியிருக்கிறான்:
'ஒரே நாளில் நூற்று எழுபத்து மூன்று ஆடு.'
அடியில் வேறொரு கை: 'பொய்.'
முக்கியத்துவம்: மிக உயர்வு,
அந்தப் 'பொய்' உட்பட.

கொல்லன் பட்டறை. இறைச்சி அறை.
இரட்டை இருக்கைக் கழிப்பறை:
யாரோடு யார் சேர்ந்து உட்கார்ந்தார்களோ,
ஆவணம் இல்லை.

கடைசியாக, கூரையில்லாத ஓர் அறை.
"அதை விட்டுவிடலாம்" என்றார் லாக்லன்.
"மாவு, சர்க்கரை, தேயிலை பங்கிட்ட இடம்.
போன கோடைக் காற்றில் தகரம் பறந்துவிட்டது."

நொயலீன் ஹார்ட்விக் வில்கேனியாவிலிருந்து வந்திருந்தாள்,
பார்க்கிஞ்சி மக்கள் சார்பில்.
கையில் காகிதம் இல்லை.
உள்ளே வரச் சொன்னேன்; வரவில்லை.
"எங்கள் ஆட்கள் நின்ற இடத்திலிருந்து அளந்து பாரேன்."

வெளியே போனேன்.
உள்ளே என் இடுப்பளவு இருந்த ஜன்னல்
இங்கே என் நெற்றிக்கு நேராக.
உள்தரைக்கும் வெளித்தரைக்கும் இரண்டடி வித்தியாசம்.
மண்ணா, கட்டியவன் மனமா,
அதற்குக் கட்டம் இல்லை.
ஜன்னல் கட்டையின் வெளி விளிம்பு மட்டும் குழிந்திருக்கிறது,
இரண்டு கை அகலத்துக்கு.
உள் விளிம்பு
நேற்று இழைத்தது போல் கூர்மை.

சாப்பாட்டு அறையில் தேநீர்.
சிவப்புத் தூசியோடு காற்று.
கதவு அடித்துக்கொள்ளாமல் ஒரு கல் பிடித்திருந்தது:
தட்டையானது, நீள்வட்டம்,
நடுவில் வழவழவென்று ஒரு பள்ளம்.
பேசிக்கொண்டிருந்த நொயலீன் நிறுத்தினாள்.

"வீடு கட்டின நாளிலிருந்து
அதுதான் கதவுக்கு முட்டு" என்றார் லாக்லன்,
கோப்பையில் பால் ஊற்றியபடி.

அவள் மண்டியிட்டு
பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள்.
பொருந்தியது.
"மாவு" என்றாள், யாரையும் பார்க்காமல்,
"இங்கே முதலிலிருந்தே இருந்தது."

புல்லரிசி, புல்லரிசி என்று
எங்கோ படித்தது எனக்கு ஓடியது.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
கணக்கில் ஆடு குறைந்தவரைப் போல
லாக்லன் வெகுநேரம் தரையையே பார்த்தார்.
பிறகு ஒரு கம்பளிச் சாக்கை எடுத்துவந்தார்.

கல்லை அவரேதான் சுமந்தார், மூச்சு வாங்க.
வண்டியின் பின்பக்கம் திறந்திருந்தது.
"அங்கே போட்டால் உருளும்" என்று சொல்லி
முன் இருக்கையில் வைத்து
பெல்ட்டைப் போட்டுவிட்டார்.
நொயலீன் நன்றி சொல்லவில்லை.
அவரும் காத்திருக்கவில்லை.

பங்கீட்டு அறைக்கும் 'உயர்வு' என்றே எழுதினேன்.
குழு புகைப்படம் கேட்டது, அனுப்பினேன்.
படத்தில் குழிவு தெரியவில்லை என்று
கடிதம் வந்திருக்கிறது.
மீண்டும் போக வேண்டும்,
சாய்ந்த வெயிலில்.

நேற்று இரவு லாக்லனின் அழைப்பு.
"அந்தக் கதவு விடிய விடிய அடித்துக்கொள்கிறது."
"வேறு ஏதாவது வையுங்களேன்."
"வைக்கலாம்" என்றார்.

அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.
தொலைபேசி வழியே
ஒருமுறை எனக்கும் கேட்டது.