என் பக்கத்துக் கண்ணாடி

பெட்டியில் இரண்டு மோட்டார், ஒரு பந்து வயர்,
சீன மொழியில் மடித்த தாள் ஒன்று.
தீர்வையில்லாக் கடையிலிருந்து எலியோதோரோ அதை
முட்டைத் தட்டைப்போல் ஏந்தி வந்தான்.

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
நவம்பரில் தெருமுனைகளில் கயிறு கட்டுகிறார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
இந்த ஊரில் கார்க் கண்ணாடி
திறப்பதற்கென்று வாங்குவதில்லை.

ஆனாலும் நான் திறப்பேன்.
அடியிலிருந்து உச்சிவரை ஒன்பது சுற்று,
சிகரெட்டுக்கு இரண்டு சுற்று,
அவன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்
இன்னும் ஒன்று.
இருபது வருட நிசானில்
என் கைக்கு எட்டிய அரசாங்கம்
அந்தக் கைப்பிடி ஒன்றுதான்.

"இனிமேல் சுற்ற வேண்டாம், நெவென்கா.
ஒரு விரல் போதும்."
யாருடைய விரல், என்று கேட்டேன்.

அவன் தாளிலிருந்த படத்தைக் காட்டினான்:
ஓட்டுபவர் பக்கம் இரண்டு சுவிட்ச்.
ஒன்று அவனுக்கு.
இன்னொன்றும் அவனுக்கு.
என் கதவில் ஒன்று இருக்கும், இருக்கட்டும்,
அதற்கும் மேலே ஒன்று.
பவர் விண்டோ என்று
சும்மாவா பெயர் வைத்தார்கள்.

சனிக்கிழமை அவன் கதவு முடிந்தது.
கண்ணாடி ஏறியது, இறங்கியது,
மறுபடி ஏறியது,
பக்கத்து வீட்டு பர்ரீயா குடும்பம் வெளியே வந்து பார்த்தது,
அவர்களுக்காக இன்னொரு முறை இறங்கியது.

ஞாயிறு என் கதவு.
கிளிப்புகள் படபடவென்று விட்டன, மூன்று உடைந்தன.
உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பாலிதீன்,
அதை உரித்தால் துரு,
அடியில் தேங்கிய தண்ணீர்,
பத்து பெசோ காசு ஒன்று,
அப்புறம், ஓரத்தில் நின்றபடியே காய்ந்துபோன
ஒரு சீட்டு.

போர்வெனீருக்குப் போகும் படகின் சீட்டு.
இரண்டு பேர், ஒரு வண்டி.
தேதி மங்கவில்லை.

ஏழு வருடம்.
அவன் தங்கை எர்சிலியாவின் கல்யாணம்.
வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கே வண்டி,
சீட்டைக் காணோம்.
கதவு இடுக்கில் விழுந்துவிட்டது, என்றேன்.
சிகரெட்டுக்காகக் கண்ணாடியை இறக்கினாய்,
காற்றுக்குக் கொடுத்துவிட்டாய், என்றான்.
படகு போனது.
மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
ஆட்டுக்கறி உறைந்திருந்தது,
மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கல்யாணமே முறிந்துவிட்டது.
எர்சிலியா ஒசோர்னோவில் தனியாக நன்றாக இருக்கிறாள்.
ஆனால் எந்தச் சாப்பாட்டு மேசையிலும்
நெவென்கா காற்றுக்கு டிக்கெட் எடுத்த கதை
ரொட்டிக்கு முன்னால் வந்துவிடும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டை டேஷ்போர்டில் விரித்து
மேலே அந்தப் பத்து பெசோவை வைத்தேன்,
பறக்காமல் இருக்க.

அவன் அதை வாசித்தான்.
பின்பக்கத்தையும் வாசித்தான், அங்கே ஒன்றுமில்லை.
உள்ளே போய்த் தண்ணீர் காயவைத்து
மாத்தே குடித்தான், நெடுநேரம்,
எனக்குக் கொடுக்காமல்.
பிறகு வந்து என் மோட்டாரைப் பூட்டினான்,
வயர்த் தோலைப் பல்லால் உரித்தான்,
விரலில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டான்.

கடைசியில் தன் கதவுக்குப் போய்
இரண்டாவது சுவிட்சைப் பிடுங்கி எடுத்தான்.
அந்த ஓட்டையில் கறுப்பு டேப்.
மன்னிப்பு என்ற சொல்லுக்கு
இந்த வீட்டில் இதுவரை வந்த
மிக நெருக்கமான பொருள் அது.

என் கண்ணாடி அவனுடையதைவிட மெதுவாக ஏறுகிறது.
நடுவில் ஒருமுறை முனகும்.
கடற்கரைச் சாலையில் நான்கு விரல் அளவு இறக்கினேன்.
அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
சாலையைப் பார்த்தான்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வந்தார்கள்.
அவன் தம்பிதான் ஆரம்பித்தான்,
வரிசை, நான்கு வண்டி, என் சிகரெட்.
காற்று வரும் இடத்தில்
எலியோதோரோ
உப்பைக் கேட்டான்.
உப்பு அவன் முன்னாலேயே இருந்தது.