வெட்டுண்ட வாவ்

போரா வீசும் நாட்களில் திரியெஸ்தேயில்
தெருமுனைக்குத் தெருமுனை கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் கடலுக்குள் போய்விடாமல் இருக்க.
அதைப் பிடித்தபடிதான் இன்று வேலைக்கு வந்தேன்,
சுவரில் அறைந்த கொக்கிகளை எண்ணிக்கொண்டே.
எபிரேயத்தில் கொக்கிக்கு வாவ் என்று பெயர்.
எழுத்துக்கும் அதே பெயர்.
நிமிர்ந்த ஒரு கோடு, தலை சற்றே கவிழ்ந்து.

ஈரம் ஏறிய தோற்சுருளை
எழுத்தெழுத்தாகப் பார்ப்பது என் கூலி.
பார்க்கலாம், குறிக்கலாம்.
மை தொட எனக்கு உரிமையில்லை;
அதற்கு மிலானிலிருந்து எழுத்தர் வருவார்.

முதல் வாக்கியத்தில்
ஆறாம் சொல் வரை ஒரு வாவ்கூடக் கிடையாது.
அதுவரை வானம் தனியாக இருக்கிறது.
பிறகு அந்தக் கோடு வந்து நிற்க,
வானமும் பூமியும்.
ஓர் 'உம்' கிடைக்காமல்
கடவுளே ஐந்து சொல் காத்திருந்திருக்கிறார்.

ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகள் தொங்கியதும்
தூண்களில் அறைந்த வாவ்களில்தான்.
பாலைவனத்திலும் காற்று அடித்திருக்குமே.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு.
வினைச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டால்
காலத்தைப் புரட்டிவிடும்.
'சொல்வான்' அங்கே 'சொன்னான்' ஆகும்.
பள்ளியில் இந்தப் பாடத்தில் நான் தோற்றேன்.
தொனாத்தோ தேறினான்.

எண்ணாகமம் இருபத்தைந்துக்கு
மதியம் வந்து சேர்ந்தேன்.
பினெகாஸ் ஈட்டியோடு உள்ளே நுழைகிறான்.
சிம்ரியும் கஸ்பியும்.
ஒரே குத்தில் இருவரையும் சேர்த்துவிடுகிறான்.
ஈட்டியும் நிமிர்ந்த ஒரு கோடுதான் என்பதை
ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்
மறக்கப் பார்ப்பேன்.

அதற்குப் பரிசாக அவனுக்குச் சமாதான உடன்படிக்கை.
ஷாலோம் என்ற சொல்.
அதனுள் நிற்கும் வாவை மட்டும்
இடுப்பில் முறித்து எழுதுவது மரபு.
ரத்தம் காயாத கையில் வைத்த சமாதானம்
முழுதாக நிற்காது என்று
யாரோ நினைத்திருக்கிறார்கள்.
கடவுளிடம் நேராகச் சொல்ல முடியாததை
ஒரு மயிரிழை வெற்றிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இந்தச் சுருளில் வெற்றிடம் இல்லை.

பூதக்கண்ணாடியை இறக்கினேன்.
இருந்திருக்கிறது. அடைத்திருக்கிறார்கள்.
மேலே கறுப்பு, கீழே கறுப்பு,
நடுவில் மட்டும் காப்பிக் கசடு நிறத்தில் ஒரு பொட்டு.
எழுத்தர் கை அல்ல. நடுங்கிய கை.
போர்க்காலத்தில் யார் வீட்டுப் பரணிலோ
இது ஒளிந்து கிடந்தபோதா?
திரும்பி வந்தவர்கள்
வராதவர்களின் பெயர்களைப் படித்த வாரத்திலா?
இந்த ஒரு சொல்லாவது உடையாமல் இருக்கட்டும் என்று
யாருக்கோ பொறுக்காமல் போயிருக்கிறது.

நான் மருத்துவமனையில் கிடந்தபோது
அப்பாவின் காப்பி வறுக்கும் இயந்திரத்தைத்
தொனாத்தோ விற்றான். கேட்கவில்லை.
திரும்பி வந்து நான் சொன்ன சொல் ஒன்று உண்டு.
அதை எங்கும் எழுத மாட்டேன்.
ஈட்டி உன் கையில்தான் இருந்தது ஆல்தா என்று
அம்மா சாகும்வரை சொன்னாள்.
ஒன்பது வருடம்.
வளைகுடாவின் அந்தக் கரையில் அவன் வீடு,
தெளிந்த நாளில் இங்கிருந்தே கூரை தெரியும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது எளிது:
'வாவ். சுரண்டித் திறக்கவும்.'
'வாவ்' வரை எழுதினேன்.
மூன்றாவது காப்பியும் ஆறிப்போனது.
அந்தப் பழுப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டே
உட்கார்ந்திருந்தேன்.
திறந்தாலும் பொய்யில்லை,
அடைத்ததும் பொய்யில்லை.
'மிலான் எழுத்தர் பார்க்கவும்' என்று
கோழைத்தனமாக முடித்தேன்.

வெளியே கயிறு சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.
இந்தக் காற்றில் படகு ஓடாது.
குறிப்பேட்டின் பின்பக்கத்தில்
வருவான் என்று எபிரேயத்தில் எழுதி
முன்னால் ஒரு வாவை வைத்துப் பார்த்தேன்.

சரியாக வந்ததா என்று தெரியவில்லை.
கேட்கலாம் என்றால்,
அந்தப் பாடத்தில் தேறியவன் அவன் ஒருவன்தான்.