குமிழி

காலையில் ஏர்லாக்கைக் குரங்கு கொண்டுபோயிற்று.
ஜன்னலைத் திறந்து வைத்தது நான்தான், வேறு யார்.
வீராசாமி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் உட்கார்ந்து
கடித்தது, முகர்ந்தது,
மடியில் தொங்கிய குட்டிக்குக் காட்டியது,
ஒன்றுக்கும் ஆகாதென்று தூர எறிந்தது.

சாட்ஸ்வொர்த்தில் பிப்ரவரி.
சுவருக்கே வியர்க்கும்.
கொதித்த மால்ட் சாற்றை ஆற்ற
பெட்ரோல் பங்கில் இரண்டு மூட்டை ஐஸ் வாங்கி வந்தேன்.
தொட்டியில் கொட்டியதும் கரண்ட் போனது.
எட்டு மணிக்கென்று போட்டிருந்தார்கள்;
அப்போது ஏழே முக்கால்.

செல்போன் வெளிச்சத்தில் முழங்கை இடித்து
ஹைட்ரோமீட்டர் விழுந்தது. மூன்றாவது.
அதன் வயிற்றுக் குண்டுகள்
ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடி ஒளிந்தன.
இனி எத்தனை சதவீதமென்று
மறுநாள் தலைவலிதான் சொல்ல வேண்டும்.

திவேஷன் மீன்தொட்டிக் குழாயை நீட்டினான்.
"மீன்?"
"போன மாசமே."
வாளி மூடியில் ஒரு முனை,
அச்சார் போத்தல் தண்ணீரில் மறுமுனை.
இடுக்கில் ரொட்டி மாவை அப்பினேன்.

ஒரு முழுநாள். வாளி வாயே திறக்கவில்லை.
ஈஸ்ட் செத்ததா, மூடி கசிகிறதா,
பதில் சொல்ல ஆளில்லாத கேள்விகளோடு
தரையில் படுத்திருந்தேன்.

விடியற்காலை, நைட் டியூட்டி முடிந்து
கம்சலா வந்தாள்.
ஷூகூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து
வெடித்திருந்த மாவை ஈர விரலால் அழுத்தினாள்,
மார்பில் குத்திய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

குபுக்.

பன்னிரண்டு நொடி.

குபுக்.

"பிழைச்சுக்கும்" என்றாள்.
பிறகு மூக்கைச் சுளித்து,
"அந்தப் போத்தலைக் கழுவினியா?"