வெறும் எடை

ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
செம்பனைக் குலையோடு ஏறும் லாரியை ஒரு தடவை,
கொட்டிவிட்டு இறங்கும் லாரியை ஒரு தடவை.
கழித்து வருவதுதான் காசு.
அதனால்
கூட்டுறவுச் சங்கக் குலுக்கலில் விழுந்த கண்ணாடிக் கிண்ணத்தையும்
சமையல் தராசில்
வெறுமையாய் ஒரு தடவை நிறுத்தேன்,
கழுத்துவரை நீர் ஊற்றி ஒரு தடவை.
மூன்று லிட்டர். மேலே ஒரு மிடறு.

"தங்கமீன்" என்றாள் நிதர்ஷனா.
"ரெண்டு. இல்லாட்டி ஒண்ணு அழும்."

லாபிஸில் வியாழக்கிழமை பசார் மாலாம்.
அப்பம் பாலிக் வண்டிக்கும்
கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
லியோங்கின் மீன்கடை.
கடையென்றால் ஒரு கம்பி,
அதில் காற்றூதிக் கட்டிய பைகள்,
பைக்குள் பல்பு வெளிச்சத்தைக் கொத்திக்கொண்டு மீன்கள்.
லியோங் தோட்டத்துக் கடையில் பிறந்தவர்.
எங்கள் தமிழை எங்களைவிட வேகமாய்ப் பேசுவார்.
றகரம் மட்டும் நாவில் ஏறாது.

"கிண்ணம் எவ்ளோ?"
"மூணு லிட்டர்."
"பம்ப்பு?"
"இல்ல."
"போடுவியா?"
அறையில் ஒரே பிளக்கு. அது சோற்றுக்கு.

தங்கமீன் பையை எனக்கு எட்டாமல் தள்ளி மாட்டினார்.
கையகலம் வளருமாம்.
தின்பதைவிட அதிகம் கழியுமாம்.
"மூணு லிட்டரு அதுக்கு கக்கூசும்மா, வீடில்ல."
கப்பி கேட்டேன்:
இரண்டு வாங்கினால் தீபாவளிக்குள் நாற்பது.
மின்னுகிற நீலச் சின்னதுகள்?
ஆறேழு சேர்ந்தால்தான் அவற்றுக்குத் தைரியம்,
ஆறேழுக்கு இடமேது.
கண்ணாடி துடைக்கும் பண்டாராயா மீனை
நிதர்ஷனா தொட்டதும் சிரித்துவிட்டார்:
"முழங்கை நீட்டு வளந்து
உங்கம்மாகிட்ட வாடகை கேக்கும்."

கம்பியின் கடைசியில்
ஒன்றையொன்று பார்க்காதபடி
நடுவில் அட்டை செருகிய பைகள்.
சண்டைமீன்.
கரிச்சிவப்பு. வால் மட்டும் யாரோ கசக்கிவிட்ட பட்டு.
"இது மேல வந்து காத்து குடிக்கும்.
தனியா இருக்கும்.
சின்ன இடமா, பொருத்துக்கும்."

பொருந்தும் என்றாரா,
பொறுத்துக்கொள்ளும் என்றாரா?
"எந்த ர?" என்று கேட்டேன்.
"ஒம்பது வெள்ளி" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம்
பை என் மடியில் குளிர்ந்துகொண்டிருந்தது.
நாங்கள் இருப்பது டயர் கடைக்கு மேல்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடையின் சுவர்.
ஏழு மாதம் ஆகிறது.
விசாரிப்பவர்களிடம்
"வசதிதான், பக்கத்துலயே பஸ்ஸு" என்கிறேன்.

கிண்ணத்தில் பையோடு மிதக்கவிட்டேன்.
ஒரு சுற்று வந்தது.
இன்னொரு சுற்று வர இடமிருந்ததா என்று
அது நின்று யோசித்த மாதிரி இருந்தது.
யோசித்தது நானாகவும் இருக்கலாம்.

அரிசி டப்பா பதினெட்டு லிட்டர்.
நிறுக்கவே வேண்டாம், அடியில் அச்சடித்திருக்கிறது.
அரிசியைக் கிண்ணத்தில் கொட்டினேன்,
மிச்சத்தை வாளியில்.
டப்பாவைச் சோப்பு படாமல் ஏழு தடவை அலசி
மழைநீரை ஓர் இரவு ஆறவிட்டு
ரயிலடி கெத்தாப்பாங் மரத்தின் கீழ்
சிவந்து உதிர்ந்த இலை இரண்டைப் போட்டேன்.
காலையில் தண்ணீர் தே ஓ நிறம்.
குதிக்கும் சாதியென்று
மூடியில் ஆணி சுட்டு ஓட்டை.

"அசிங்கமா இருக்கு" என்றாள் நிதர்ஷனா.
இருந்தது.
பக்கவாட்டில் யானைப் படம்,
பத்து கிலோ, உயர்தரம்.
அவள் பள்ளிக்குப் போனபின்
யானையின் தும்பிக்கை வழியே நீந்தி வந்து
மேலே ஒரு குமிழ் காற்றை எடுத்துக்கொண்டு
இலைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வாரம் ஒருமுறை மூன்று லிட்டர் மாற்ற வேண்டும்.
அளக்கக் கிண்ணம் இருக்கிறது,
முதலில் அரிசியை எடுக்க வேண்டும்.

நேற்று வாடகை வாங்க வந்தவர்
மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் அரிசியைப் பார்த்து
ஏதும் விசேஷமா என்று கேட்டார்.